உண்டதும் வளர்த்ததும்: சித்தியவான் வட்டாரத் தோட்ட நினைவுப்பேச்சு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

பேராக் மாநிலத்தின் பழைய இரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, இன்று வீடமைப்புப் பகுதிகளில் குடியமர்ந்துவிட்ட தமிழர்கள் ஒன்றுகூடும் இடங்களில் ஒருவகைப் பேச்சு தவறாமல் எழும். திருமண மண்டபமாயினும் கருமாதி வீடாயினும் கோயில் திருவிழாவாயினும் அப்பேச்சின் பொருள் பெரிதும் மாறுவதில்லை. தோட்டத்தில் வளர்த்த நாயின் பெயர், ஆட்டுக்கிடாய், சுட்ட கருவாடு, வரக்கோப்பி, மழை நாளில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, ஒட்டுக்கடைப் பலகாரம் என்று அது நீளும். அரசியலோ, கூலி உயர்வோ, தொழிற்சங்கமோ அதில் அரிதாகவே இடம்பெறும். இப்பேச்சை 'அரட்டை' என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது நம் திறனாய்வாளர்களின் வழக்கம். தோட்டத்து வாழ்வைப் பாடும் படைப்புகளில் போராட்டத்தையும் துயரத்தையும் தேடிய அளவிற்கு உணவையும் வளர்ப்பு விலங்கையும் நாம் தேடியதில்லை.

ஆயினும் இந்த அரட்டையே கடந்த பல ஆண்டுகளாக மலேசியத் தமிழில் எழுதப்பட்டுவரும் தன்வரலாறுகளுக்கும் நினைவுக் கட்டுரைகளுக்கும், ஏன், தொடக்கப்பள்ளி மாணவர் கட்டுரைகளுக்குங்கூட மூலப்பொருளாய் நிற்கிறது. மூலப்பொருளின் தன்மையை அறியாமல் அதிலிருந்து எழுந்த எழுத்தை மதிப்பிடுதல் இயலாது. எனவே இப்பேச்சு எதைக் காக்கிறது, எதை மறைக்கிறது, எழுத்தாகும்போது எங்கே பொய்க்கிறது என்பவற்றைச் சித்தியவான் வட்டாரத்தை நிலைக்களனாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

உணவும் விலங்கும் இலக்கியப் பொருளாகுமா என்னும் ஐயம் தமிழ் படித்தார்க்கு எழ வேண்டியதில்லை. தொல்காப்பியர் கருப்பொருள்களை நிரல்படக் கூறுமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணவையும், உணவை அடுத்து விலங்கையும் வைத்தார். மரமும் பறவையும் பறையும் தொழிலும் யாழும் அவற்றின் பின்னரே வருகின்றன. ஒரு நிலத்து மக்கள் எவரென அறிய அவர்கள் வணங்குவதையும் உண்பதையும் உடன்வாழும் விலங்கையும் முதலில் அறிய வேண்டும் என்பது அந்நிரலின் குறிப்பு எனக் கொள்ள இடமுண்டு. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு நோக்கின் தோட்டமும் ஒரு தனி நிலமே. விடியற்காலை அதன் சிறுபொழுது. பால்மரம் அதன் மரம். பெரட்டுக்கு அழைக்கும் மணியே அதன் பறை. இவ்வொப்பீட்டை நயத்திற்காக ஈண்டுக் கூறவில்லை. கருப்பொருள் தனித்து நில்லாது, முதற்பொருளோடும் உரிப்பொருளோடும் பிணைந்தே பொருள் தரும் என்னும் விதி பின்வரும் ஆய்வுக்கு அளவுகோலாகும் என்பதற்காகவே கூறப்பட்டது.

நிலைக்களன்

சித்தியவான் என்னும் பெயருக்கு வழங்கும் வாய்மொழிக் கதையே ஒரு விலங்குக் கதையாய் இருத்தல் நோக்கத்தக்கது. இரு யானைகளுள் ஒன்று சேற்றில் புதைந்துவிட, மற்றொன்று அதனை விட்டகலாது உடன் நின்றதாகவும், அதைக் கண்டவர்கள் 'செத்தியா காவான்' - விசுவாசமான நண்பன் - என்று இட்ட பெயரே மருவிச் சித்தியவான் ஆயிற்று என்றும் கூறுவர். வரலாற்று நிறுவலுக்கு இக்கதை உதவாது. ஆனால், துணையை விட்டுப் போகாமையையே ஓர் ஊர் தன் பெயருக்குக் காரணமாகக் கற்பித்துக்கொண்டது என்பதை மனத்திற்கொள்ளுதல் நன்று. இதற்கான தேவை பின்னர்த் தெளிவுறும்.

இவ்வூரின் நினைவு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 1903ஆம் ஆண்டில் சீனத்தின் பூச்சௌ வட்டாரத்திலிருந்து மெத்தடிஸ்ட் திருச்சபையின் வழி வந்த குடியேறிகள் இங்கு நிலம் திருத்தினர். அவர்தம் சிவப்பு அரிசி மது சேர்த்த மீ சுவாவும், அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் கொம்பியா என்னும் ரொட்டியும் இன்றளவும் ஊரின் அடையாளங்கள். மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவரான சின் பெங் 1924இல் பிறந்ததும் இவ்வூரில்தான். ஊரைச் சுற்றி ஆயர் தாவார், சுங்கை வாங்கி, சொகமானா எனத் தோட்டங்கள் விரிந்திருந்தன. தோட்டத்துத் தமிழருக்குச் சித்தியவான் என்பது சம்பள நாளுக்குப் பின்னர்ச் செல்லும் 'டவுன்'. அங்கே வாங்கிய கொம்பியாவும் அவர்தம் நினைவுணவுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. தமிழர் நினைவைத் தமிழர் உணவோடு மட்டும் பொருத்திப் பார்க்கும் ஆய்வுகள் இதனைத் தவறவிடுகின்றன. வந்தேறிய இரு கூட்டத்தார் ஒருவர் சுட்டதை மற்றவர் தின்று பசியாறியதும் இந்நாட்டு வரலாறே.

உண்டது

'பசியாறுதல்' என்னும் சொல்லிலிருந்து தொடங்கலாம். மலேசியத் தமிழில் இது காலையுணவு கொள்வதைக் குறிக்கும். தமிழகத்திலும் தமிழ் முசுலிம்களின் வழக்கில் இப்பொருளில் இச்சொல் உண்டு. ஒருவரைக் காணும்போது 'பசியாறியாச்சா?' என வினவுதல் தோட்டத்தில் வணக்கம் கூறுதற்கு ஈடானது. சிற்றுண்டி, காலை உணவு, நாஸ்தா என்னும் பிற சொற்கள் உண்ணும் பொருளையோ உண்ணும் வேளையையோ சுட்டுகின்றன. இச்சொல் பசி என்னும் நிலையையும் அது தணிதலையும் சுட்டுகிறது. பசியை முன்வைத்து ஒரு சமூகம் தன் நாளின் முதல் உணவுக்குப் பெயரிட்டிருக்க, அதே சமூகத்தின் நினைவுப்பேச்சு 'அந்தக் காலத்தில் பசியே தெரியாது' என்று கூறுவது முரணாகும். இம்முரணே நம் ஆய்வின் நுழைவாயில்.

வரக்கோப்பியை எடுத்துக்கொள்வோம். பாலில்லாத, சீனி மிகுந்த அக்கருங்காப்பியின் மணத்தை நினைவுகூராத தோட்டத்து மக்கள் இலர். விடியுமுன் எழுந்து, வரக்கோப்பி குடித்து, பெரட்டில் நின்று, தலைவிளக்கின் ஒளியில் நெரை பிடித்து மரம் வெட்டப் போவது அன்றாட ஒழுங்கு. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் மரம் நன்றாகப் பால் சுரக்கும். ஆதலால் இருளில் எழுந்தது உழைப்பாளரின் சுறுசுறுப்பினால் அன்று, மரத்தின் இயல்பினால் என்பது முதலில் தெளிய வேண்டியது. அடுத்து, நாள்தோறும் வாளி வாளியாய்ப் 'பால்' சுமந்தவர்கள் பாலில்லாத காப்பியைக் குடித்தனர் என்பது. மொழி தானாகவே அமைத்துத் தந்த இந்த அங்கதத்தை நினைவெழுத்தாளர்களுள் பலர் கண்டுகொள்வதில்லை. அவர்களுக்கு வரக்கோப்பி ஒரு சுவை. அது ஒரு வருமானக் கணக்கு என்பதும் அச்சுவையின் பகுதியே.

மழை நாளை இதனினும் கூர்மையான சான்றாகக் காட்டலாம். குழந்தைப் பருவத்து நினைவுகளில் மழை நாள் இனிமையானது. அப்பாவும் அம்மாவும் வீட்டில் இருப்பர். மரவள்ளிக்கிழங்கு அவியும். தேங்காய்ப்பூவோ சம்பாலோ தொட்டுக்கொள்ளக் கிடைக்கும். லயத்துத் தகரக் கூரையில் மழை பேசும். ஆனால், பட்டை நனைந்தால் மரம் வெட்ட இயலாது. வெட்டாத நாளுக்கு நாட்கூலி முறையில் ஊதியம் கிடையாது. பிள்ளைகள் சுவைத்த அவ்விடுமுறை, பெற்றோர்க்குச் சம்பளத்தில் விழுந்த ஓட்டை. ஒரே அடுப்பைச் சுற்றி அமர்ந்திருந்த இரு தலைமுறையினர் இருவேறு மழையைக் கண்டனர். நினைவெழுத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிள்ளைகளின் மழை மட்டுமே. அவர்களே பின்னாளில் படித்து எழுதுகோல் பிடித்தவர்கள் என்பதால் இது நேர்ந்தது. அதனை இயல்பென ஏற்கலாம், முழுமையென ஏற்க இயலாது.

மரவள்ளிக்கிழங்கிற்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1942 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சியில் அரிசி அருகிப்போனபோது மலாயா மக்களைக் காத்தது அக்கிழங்கே. அதே காலத்தில்தான் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரமாயிரவராகச் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய புதினங்கள் அக்கொடுமைக்குச் சான்றாய் நிற்கின்றன. அத்தலைமுறையினருள் கிழங்கைக் கையால் தொட மறுத்தவர்களும் இருந்தனர். அடுத்த தலைமுறையினர்க்கு அதே கிழங்கு தேநீர் நேரத்துத் தின்பண்டமாயிற்று. இன்று அது 'பாரம்பரிய உணவு' என விழாக்களில் விற்கப்படுகிறது. ஓர் உணவு பஞ்சத்திலிருந்து பாரம்பரியத்திற்கு நகர இரண்டே தலைமுறை போதுமானதாய் இருந்திருக்கிறது.

இவ்வகையில் நினைவுப்பேச்சு முற்றிலும் மௌனம் காக்கும் காலப்பகுதி ஒன்றுண்டு. 1948 சூன் 16இல் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்ட மேலாளர் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு சென்று சேராதிருக்க, உணவுக் கட்டுப்பாடு நடப்பிலிருந்த பகுதிகளில் அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. முள்வேலிக்குள் குடியிருப்புகள் ஒடுக்கப்பட்டன. வேலைக்குச் செல்வோர் வாயிலில் சோதனையிடப்பட்டனர். வேலைக்காட்டிற்குக் கட்டுச்சோறு எடுத்துச் செல்லுதலே குற்றமாயிற்று. மர நிழலில் அமர்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து கருவாட்டுக் குழம்பும் சோறும் உண்ட காட்சி தோட்ட நினைவுகளின் அழியாத ஓவியம். அவ்வோவியத்தின் நடுவே சில ஆண்டுகள் சட்டி இல்லாமல் வேலைக்குப் போன காலமும் இருந்தது. சின் பெங் பிறந்த ஊரின் அயலில் வாழ்ந்தோர் பேச்சில் இக்காலம் ஏன் இவ்வளவு மெலிந்து ஒலிக்கிறது? அச்சமே காரணம் எனலாம். பேசாதிருக்கப் பழகிய ஒன்றை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பேச நா எழுவதில்லை. கருவாட்டைப் பற்றிப் பேசுவது எவரையும் ஐயத்திற்கு உள்ளாக்காது. அன்றாடப் பொருள்களைப் பற்றிய பேச்சின் செல்வாக்கிற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் எனக் கருதத் தோன்றுகிறது.

சமைத்தவர் எங்கே?

உணவு நினைவுகளின் மிகப் பெரிய குறை, அவை யாவும் உண்டவரின் குரலில் அமைந்திருத்தலாகும். சமைத்தவரின் குரல் அவற்றில் இல்லை. 'அம்மா கைப்பக்குவம்' என்னும் தொடரோடு அவர் முடிந்துவிடுகிறார். அந்த அம்மா பெரும்பாலும் பால்மரம் வெட்டும் தொழிலாளி. ஆடவரைப் போன்றே பெரட்டில் நின்றவர். அதற்கு முன்பாகவே எழுந்து அடுப்பு மூட்டியவர், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்றவர், திரும்பிவந்து விறகு பொறுக்கியவர். அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், விறகு எங்கிருந்து வந்தது, கடைக்காரனிடம் அம்மாதக் கடன் எவ்வளவு, கடைசியில் அவருக்குச் சட்டியில் என்ன மிஞ்சியது என்னும் வினாக்களை எழுப்பாத உணவு நினைவு, உண்மையில் உணவைப் பற்றியதன்று. அது நாவைப் பற்றியது.

இவ்விடத்துப் பழந்தமிழ்ப் புலவர் ஒருவரின் பார்வையை ஒப்புநோக்குதல் தகும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பைக் காட்டுகிறார். எயிற்றியர் பூண் கட்டிய கோலால் மண்ணைக் கிளறிப் புல்லரிசி எடுப்பதையும், முற்றத்து நில உரலில் அதனைக் குற்றுவதையும், ஆழ்ந்த கிணற்றில் சிறிதே ஊறும் உவர்நீரை முகப்பதையும், விளிம்பு சிதைந்த பானையை முரிந்த அடுப்பில் ஏற்றுவதையும் கூறிய பின்னரே உணவைப் பாணனுக்குப் பரிமாறுகிறார். முற்றத்து விளாமர நிழலில் கட்டப்பட்டிருக்கும் பார்வை மானும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. உணவு ஒன்று, அதற்குப் பின்னால் நிற்கும் பெண்களின் உழைப்பு, கருவி, நீரின் அருமை, கலத்தின் வறுமை எனப் பல. இவ்வளவும் விருந்தோம்பலின் சிறப்பைச் சற்றும் குறைக்கவில்லை, மாறாக மிகுவிக்கின்றன. சிதைந்த பானையைக் கூறினால் உணவின் இனிமை கெடும் என நம் நினைவெழுத்தாளர்கள் அஞ்சுவது வீண் அச்சம் என்பதற்கு இப்பாட்டே சான்று.

முத்தம்மாள் பழனிசாமி முதலில் ஆங்கிலத்தில் 'ஃப்ரம் ஷோர் டு ஷோர்' என்னும் பெயரில் எழுதிப் பின்னர்த் தாமே தமிழில் 'நாடு விட்டு நாடு' என வழங்கிய குடும்ப வரலாறு இவ்வகையில் தனித்துச் சுட்டத்தக்கது. கொங்கு நாட்டிலிருந்து மலாயா வந்த குடும்பமொன்றின் வரலாற்றை ஒரு பெண் எழுதினார் என்பது முதற்சிறப்பு. இருமொழியில் எழுதினார் என்பது இரண்டாவது. ஆங்கிலத்தில் எழுதுவோர் ஒவ்வொரு பழக்கத்தையும் பிறர்க்கு விளக்கியாக வேண்டும். விளக்கும்போது தமக்குமே அது புதிதாகத் தெரியத் தொடங்கும். தமிழில் எழுதுவோர்க்கு அக்கட்டாயம் இல்லை. பெயரைச் சொன்னாலே வாசகர் நெகிழ்ந்துவிடுவர். 'கருவாடு' என்னும் ஒரு சொல்லே தமிழில் ஒரு பத்தியின் வேலையைச் செய்துவிடுவதால் எழுத்தாளர் பத்தியை எழுதாமலே கடந்துபோகிறார். இச்சோம்பலிலிருந்து விடுபட வேற்றுமொழியின் வழி ஒருமுறை நடந்து வருவது உதவும் போலும். நாட்டுப்புறப் பாடல்களைத் தம் வாழ்க்கைப் பயணத்தோடு இணைத்து அவர் தொகுத்த நூலும் இத்துறையில் ஆய்வோர் புறக்கணிக்கலாகாதது. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பேசியவர் சமைத்தவரே ஆதலின், உண்டவர் நினைவுகளில் விடுபட்ட குரலை அங்கே தேட வாய்ப்புண்டு.

வளர்த்தது

விலங்குகளுக்கு வருவோம். 'செல்லப்பிராணி' என்னும் சொல் இன்று பள்ளிப் பாடநூல்களிலும் கட்டுரைத் தலைப்புகளிலும் நிலைபெற்றுவிட்டது. பழைய தோட்டப் பேச்சில் இச்சொல் இல்லை. 'எங்க நாய்', 'எங்க ஆடு' என்றே வழங்கினர். சொல் இல்லாமைக்குக் காரணம் அன்பின்மை அன்று. வெறும் செல்லத்திற்கென வளர்க்கப்பட்ட விலங்கு அங்கு அரிது. நாய் லயத்தைக் காத்தது; காட்டுப்பன்றி வேட்டைக்கும் உடும்பு பிடிக்கவும் சென்றது. ஆடு சேமிப்புப் பெட்டகம். தீபாவளிக்கும் மகளின் சடங்கிற்கும் அது பணமாகும். சேவல் முனியாண்டிக்கு நேர்ந்து விடப்பட்டது. பசு, வரக்கோப்பி குடித்த வீட்டில் கறந்த பாலைக் கிராணி வீட்டிற்கும் டவுனுக்கும் விற்க உதவியது. அதுவும் நிருவாகம் இசைந்து மேய்ச்சலுக்கு இடம் விட்டால்தான். விலங்கு வளர்த்தல் தோட்டத்தில் உரிமையாக இருந்ததில்லை, தயவாகவே இருந்தது.

நாய் பிடித்துத் தந்த உடும்பின் இறைச்சியோடு சோறு பெறலாம் என மேற்கூறிய பெரும்பாணாற்றுப்படையே குறிப்பிடுகிறது. ஈராயிரம் ஆண்டுக்கால இடைவெளியில், கடல் கடந்து, பேராக்கின் காட்டோரத்திலும் அதே நாயும் அதே உடும்பும் தமிழர் வாழ்வில் ஒன்றிநின்றமை வியப்பளிக்கிறது. இதனைத் தொன்மையின் தொடர்ச்சி என்று மகிழ்வது எளிது. அதைவிடப் பொருத்தமான விளக்கம், இரு காலத்திலும் இறைச்சியை விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் நாயின் துணையை நாடினர் என்பதே.

நினைவுப்பேச்சில் இவ்விலங்குகள் செல்லப்பிராணிகளாக உருமாறி வருகின்றன. வேட்டையில் பன்றியின் கொம்பு கிழித்து இறந்த நாய், 'எங்கள் மீது உயிரையே வைத்திருந்த' நாயாக மட்டும் நினைக்கப்படுகிறது. உழைப்பாளியான விலங்கு அன்பின் உருவமாகிறது. தொழிலாளியே தன் கடந்தகாலத்து உழைப்பை மறந்து அன்பை மட்டும் நினைவில் வைத்திருக்கும்போது, அவன் நாய்க்கும் அதே நேர்வதில் வியப்பில்லை.

ஆயினும் இப்பேச்சில் ஒரு நிகழ்ச்சி மட்டும் எந்த மெழுகும் பூசப்படாமல் வெளிப்படுகிறது. அது தோட்டத்தை விட்டு வெளியேறிய நாளில் நாயை விட்டுவந்தது. பால்மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வீடமைப்புக்கென விற்கப்பட்டபோதும் ஆட்தேவை குறைந்தது. வேலையோடு வீடும் போயிற்று. லயம் தோட்டத்திற்கு உரியது. குடிபுகுந்த மலிவுவிலை அடுக்குமாடியிலோ வாடகை வீட்டிலோ நாய்க்கும் ஆட்டுக்கும் இடமில்லை. ஆட்டை விற்றுவிடலாம், கோழியை அடித்துத் தின்றுவிடலாம், நாயை என்செய்வது? லாரியின் பின்னால் ஓடிவந்த நாயைப் பற்றிய நினைவு ஒருவருடையதன்று. வெவ்வேறு தோட்டத்தவரும் ஏறத்தாழ ஒரே சொற்களில் அதனைக் கூறுவர். ஒரே காட்சி பலராலும் ஒரே வடிவில் கூறப்படும்போது அது வாய்மொழி இலக்கியத்தின் கூறாகிவிடுகிறது. ஒவ்வொருவரும் உண்மையாகவே அதைக் கண்டனரா என்னும் வினா இங்குப் பொருந்தாது. தம் வெளியேற்றத்தை நேரே பேச இயலாத ஒரு சமூகம் நாயின் வெளியேற்றமின்மையைப் பேசுகிறது. 'எங்களைத் துரத்திவிட்டார்கள்' எனக் கூறத் தயங்கும் நா, 'நாயை விட்டுவிட்டு வந்தோம்' எனக் கூறிவிடுகிறது. குற்றத்தைத் தன்மேலேயே ஏற்றிக்கொள்ளும் இக்கூற்று, யாரையும் குற்றஞ்சாட்டும் கூற்றினும் கனமானது. சேற்றில் புதைந்த துணையை விட்டகலாத யானைகளின் பெயரால் வழங்கும் ஊரின் அயலில் இக்கதை கூறப்படுவதைக் கேட்பவர்க்கு அக்கனம் இன்னும் மிகும். நினைவுப்பேச்சை அரட்டையென ஒதுக்குவோர் இழப்பது இதனையே.

ஏக்கத்தின் இருவகை

கடந்ததை எண்ணி ஏங்குதல் தன்னளவில் குறையன்று. பேராக்கின் கோப்பேங் பகுதியில் பிறந்த ஓவியர் லாட் 1979இல் வெளியிட்ட 'தி கம்போங் பாய்' முழுவதும் ஏக்கமே. மலாய்க் கிராமத்துச் சிறுவனின் குளியல், மீன்பிடிப்பு, சுன்னத்து, பள்ளி என அன்றாடமே அதன் பொருள். ஆனால், ஈயக் கப்பலின் நிழல் அச்சிரிப்பின் ஊடே விழுந்துகொண்டிருக்கிறது. நிலம் தோண்டப்படப் போகிறது என்பதை அறிந்தே சிறுவன் ஈப்போவிற்குப் படிக்கச் செல்கிறான். தமிழில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. மேடானில் இருந்துகொண்டு சின்னமங்கலத்துச் சந்தையையும் மதுரைத் தெருக்களையும் நினைந்துருகும் பாண்டியனின் ஏக்கம் ஆழமானது. எனினும் அவ்வேக்கத்தைத் தானே நகையாடும் ஒரு கண்ணும் அவனிடம் உண்டு. திரும்பிச் செல்ல இயலாது என்பதை அறிந்தவனின் ஏக்கம் அது. தீபக் குமாரன் மேனன் இயக்கி 2005இல் வெளிவந்த 'செம்மண் சாலை' என்னும் மலேசியத் தமிழ்த் திரைப்படமும், 1960களின் தோட்ட வாழ்வைப் பரபரப்பின்றி அன்றாடத்தின் வழியே காட்டியது.

இவற்றோடு ஒப்பிட, நம் இதழ்களிலும் சிறப்பு மலர்களிலும் காணும் தோட்ட நினைவுக் கட்டுரைகளுள் பெரும்பாலானவை ஏக்கத்தின் மற்றொரு வகையைச் சார்ந்தவை. 'அன்று எல்லாரும் ஒற்றுமையாய் வாழ்ந்தோம், இன்று பக்கத்து வீட்டார் பெயர்கூடத் தெரியாது' என்பது அவற்றின் மாறாத பல்லவி. ஒற்றுமை இருந்தது உண்மை. அதே லயத்தில் சாதி பார்த்துத் தண்ணீர் வாங்கியதும், கள்ளுக்கடை வாசலில் சம்பளம் கரைந்ததும், அதனால் அடுப்பு எரியாத இரவுகளும் உண்மையே. கசப்பை வேண்டுமென்றே மறைக்கிறார்கள் எனக் கூற இயலாது. இன்றைய வாழ்வின் மீதான மனக்குறையைக் கூற வேறு மொழி அவர்களிடம் இல்லை. நேற்றைப் புகழ்ந்தே இன்றைக் குறைகூறுகிறார்கள். இதனை உணர்ந்து படித்தால் அக்கட்டுரைகள் நேற்றைப் பற்றிய ஆவணங்களாக இல்லாவிடினும் இன்றைப் பற்றிய ஆவணங்களாகப் பயன்படும். ஆனால், தோட்ட வரலாற்றுக்குச் சான்றாக அவற்றை ஆய்வேடுகளில் அப்படியே எடுத்தாளும் போக்கு ஏற்கத்தக்கதன்று.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இதனைப் படிப்பர் ஆதலின் பள்ளிக் கட்டுரைகளைப் பற்றியும் ஒரு சொல். தொடக்கப்பள்ளியில் எழுதப்படும் தன்கதை வகை யாவரும் அறிந்ததே. 'நான் ஒரு பூனை' எனத் தொடங்கி, தன் நிறம், பிறந்த இடம், தன்னை வாங்கியவர், தனக்கு இட்ட பெயர் என வரிசை மாறாமல் சென்று, இறுதியில் நோயுற்றோ விபத்துற்றோ கைவிடப்பட்டு முடியும். பூனை என்னுமிடத்தில் மிதிவண்டியை வைத்தாலும் கட்டுரை ஏறத்தாழ அப்படியே நிற்கும். மாணவர் வீட்டில் பாட்டி இருப்பார். அவரிடம் லாரியின் பின்னால் ஓடிவந்த நாயின் கதை இருக்கும். அக்கதை வகுப்பறைக்குள் நுழைவதில்லை, அதற்கு வாய்பாட்டில் இடம் இல்லாமையால்.

சொற்களின் நிலையும் இதுவே. பெரட்டு, நெரை, மங்கு, ஒட்டுப்பால், காண்டா, ஆயாக்கொட்டகை முதலிய சொற்கள் அவற்றைப் புழங்கியவர்களோடு மறைந்துவருகின்றன. இவற்றுள் பல மலாய், ஆங்கிலக் கலப்புடையன என்பதால் நல்ல தமிழ் அல்ல எனத் தள்ளப்படுகின்றன. அது வாதத்திற்குரியது; தொழில் செய்தவர் வைத்த பெயரைத் தொழில் செய்யாதவர் திருத்துதற்கு உரிமை உண்டா என்பது தனியே ஆராயத்தக்கது. ஆனால், முழுத் தமிழாகிய பசியாறுதலுக்கும் அந்நிலை நேர்ந்திருக்கிறது. 'நான் காலையில் பசியாறிவிட்டுப் பள்ளிக்குச் சென்றேன்' என எழுதும் மாணவரின் ஏட்டில் அச்சொல் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, 'காலை உணவு உண்டேன்' என மேலே எழுதப்படுவதுண்டு. பசியும் தமிழ், ஆறுதலும் தமிழ். இதில் திருத்துதற்கு என்ன இருக்கிறது என்பதை அவ்வாறு திருத்துவோர் விளக்க வேண்டும்.